இறைவனின் செம்மறிக்கு எந்த வேகம், எந்தச் சுருதி?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சிங்கப்பூரின் கொயர் அறைகளில் ரெக்வியம், அதாவது இறந்தோருக்கான திருப்பலி இசையின் ஸ்கோர்கள் அலமாரியை விட்டு வெளியே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இணைப்பாட நடவடிக்கையாகக் கொயரில் சேர்ந்து, வேலைக்குப் போன பிறகும் பாட்டை விடாத தமிழர்கள் இங்கே பலர். வார நாளில் கர்நாடக சங்கீத வகுப்பு, வாரக் கடைசியில் கொயரில் ஆல்ட்டோ அல்லது டெனர் என்று இரண்டு காலையும் இரண்டு உலகத்தில் வைத்திருப்பவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்கு.

ரெக்வியம் என்றதும் பாடுகிறவர்கள் முதலில் சோகத்தை எடுத்துக் குரலில் பூசிக்கொள்கிறார்கள். குரல் கனக்கிறது, வேகம் விழுகிறது, பத்தாவது வரியில் சுருதி இறங்குகிறது, பாட்டு முடியும்போது கேட்பவருக்கு அலுப்புதான் மிஞ்சுகிறது. உணர்வை மேலிருந்து ஊற்ற வேண்டியதில்லை. எழுதப்பட்ட வேகத்தில், எழுதப்பட்ட சுருதியில் நின்றால் உணர்வு அந்த இரண்டிலிருந்தும் தானாகப் பிறக்கிறது. நல்ல இசையமைப்பாளர் அதை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார். இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் பயனில்லை. ரெக்வியத்தின் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம்: ஆஞுஸ் தேயி. தமிழ்த் திருப்பலியில் 'இறைவனின் செம்மறியே' என்று மும்முறை பாடுகிறோமே, அதே மன்றாட்டு.

வழக்கமான திருப்பலியில் இந்த மன்றாட்டு முதல் இரண்டு முறை எங்கள்மேல் இரக்கம் வையும் என்றும், மூன்றாம் முறை எங்களுக்கு அமைதி தாரும் என்றும் முடியும். பழைய லத்தீன் ரெக்வியத்தில் அது மாறுகிறது. மூன்று முறையும் 'தோனா எயிஸ் ரெக்வியெம்': அவர்களுக்கு இளைப்பாற்றியைத் தாரும். மூன்றாவதில் மட்டும் 'செம்பிதெர்னாம்', நித்திய இளைப்பாற்றி. 'எங்களுக்கு' போய் 'அவர்களுக்கு' வந்துவிட்டது. பாடுகிறவர் தன் துக்கத்தைக் கொட்டவில்லை, இன்னொருவருக்காகக் கேட்டு நிற்கிறார். கேட்கிறவன் குரல் முன்னால் நகரும். அழுகிறவன் குரல்தான் தேங்கும். இந்த ஒரு வித்தியாசம் மனத்தில் இருந்தாலே வேகத்தில் பாதி சரியாகிவிடும்.

முதலில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே. காலத்தால் அவரை நவீனர் என்று சொல்ல முடியாது. ஆனால் இருபதாம் நூற்றாண்டு ரெக்வியங்கள் பலவற்றுக்கு வாசலைத் திறந்தவர் அவர்தான். தீர்ப்பு நாளின் பயங்கரத்தைப் பாடும் நீண்ட பகுதியை விட்டுவிட்டு, இளைப்பாற்றியை மையத்தில் வைத்தார். பிரெஞ்சுக்காரர் டூரூஃப்லே 1947இலும் ஆங்கிலேயர் ரட்டர் 1985இலும் தங்கள் ரெக்வியங்களில் அதே வழியில் போனார்கள். ஃபோரேயின் ரெக்வியம் பாரிஸின் மதலேன் தேவாலயத்தில் முதலில் பாடப்பட்டது 1888 ஜனவரியில். நம் ஆஃபிர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த லூர்து மாதா கோயில் திறக்கப்பட்டதும் அதே ஆண்டு. அந்த முதல் வடிவத்திலேயே ஆஞுஸ் தேயி இருந்தது.

அச்சான பதிப்பில் ஃபோரேயின் மெட்ரோனோம் எண்கள், அதாவது நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்பது, தெளிவாக இருக்கின்றன. எண்ணிக்கை பெரும்பாலும் க்ரோட்செட் என்ற ஸ்வர நீளத்தில். தொடக்கப் பகுதி மிக மெதுவாக, க்ரோட்செட் 40. அதன் பின் டெனர்கள் தனியே பாடும் மெட்டு 72. சாங்க்துஸ் 60. பியே யேசு 44. ஆஞுஸ் தேயி 69. லிபெரா மே மினிம் (இரண்டு க்ரோட்செட் நீளம்) 60. கடைசிப் பகுதியான இன் பாரதீசும் 58. இந்த எண்களை ஒரே வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். உண்மையிலேயே மெதுவான இடங்கள் இரண்டு மூன்றுதான். மற்றதெல்லாம் நடக்கிற வேகம். 69 என்பது ஓய்வாக இருக்கும் மனிதனின் நாடித்துடிப்புக்குப் பக்கத்தில் வருகிறது. சவ ஊர்வல வேகம் என்று நினைத்து அதை 54க்கு இழுக்கும் குழுக்கள் நிறைய.

இழுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். ஆஞுஸ் தேயியில் ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, மூன்று க்ரோட்செட். 69இல் ஒரு பார் 2.6 விநாடி, நான்கு பார் 10.4 விநாடி. சாதாரணப் பயிற்சி உள்ள டெனர் நடுத்தர ஒலியளவில் ஒரே மூச்சில் பாடக்கூடிய நீளம் அது. 54இல் அதே நான்கு பார் 13.3 விநாடி ஆகிவிடும். மூன்று விநாடிதான் கூடுதல், ஆனால் அந்த மூன்றில்தான் மூச்சு தீர்கிறது. மூச்சு தீரும்போது விலா எலும்புகள் கீழே இறங்கி, காற்றின் அழுத்தம் குறைந்து, கடைசி இரண்டு ஸ்வரங்கள் தட்டையாகின்றன. அல்லது சொல்லின் நடுவே மூச்சு எடுத்து 'பெக்காத்தா' (பாவங்கள்) என்ற சொல்லை இரண்டாக வெட்டுகிறார்கள். சுருதிப் பிரச்சினை என்று கண்டக்டர் திட்டுகிற பாதி இடங்களில் உண்மையான குற்றவாளி வேகம்தான்.

மெதுவாகவே எழுதப்பட்ட இடம் வேறு கதை. ஃபோரே ஆஞுஸ் தேயியின் பிற்பகுதியில் ரெக்வியத்தின் தொடக்கத்தையே திரும்பக் கொண்டுவருகிறார், க்ரோட்செட் 40இல், நான்கு எண்ணிக்கைப் பாரில். ஒரு பார் ஆறு விநாடி. இரண்டு பார் சேர்ந்த வாக்கியத்தைத் தனி ஆள் ஒரே மூச்சில் பாட வேண்டியதே இல்லை, குழு பாடினால் போதும். இதற்குத்தான் மூச்சைப் பிரித்து எடுக்கும் முறை. விதிகள் எளியவை. பார் கோட்டில் மூச்சு எடுக்காதே, எல்லாரும் அங்கேதான் எடுப்பார்கள். கமாவிலும் எடுக்காதே. நீண்ட உயிரெழுத்தின் நடுவே ஒலியைக் குறைத்து வெளியே போ, மூச்செடு, அதே உயிரெழுத்தில் மெய்யெழுத்து இல்லாமல் மெதுவாக உள்ளே வா. பக்கத்து ஆள் மூச்செடுக்கும்போது நீ எடுக்காதே. பன்னிரண்டு சோப்ரானோ (உச்சப் பெண்குரல்) இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் கொடுத்து, ஒன்றாம் நம்பர் முதல் பாரின் மூன்றாம் எண்ணிக்கையில், இரண்டாம் நம்பர் அடுத்த பாரின் இரண்டாம் எண்ணிக்கையில் என்று ஸ்கோரிலேயே பென்சிலால் குறித்துவிடுவது நல்லது. 'அவரவர் பார்த்து எடுங்கள்' என்று விட்டால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் எடுப்பார்கள்.

இனி சுருதி. கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இங்கேதான் பெரிய தடை, பெரிய சொத்தும் இங்கேதான். நமக்குத் தம்புரா போட்டால் கச்சேரி முடியும்வரை ஷட்ஜம், அதாவது ஆதார 'ஸ', நகராது. மேற்கத்திய இசையில் ஷட்ஜமே இடம் மாறும். அந்த மாற்றத்தில்தான் உணர்வின் பெரும்பங்கு ஒளிந்திருக்கிறது. ஃபோரேயின் ஆஞுஸ் தேயியை ஹார்மோனியக் கட்டைக் கணக்கில் சொன்னால்: எஃப் மேஜரில், அதாவது 4 கட்டையில் தொடங்குகிறது. நடுவில் ஏ ஃப்ளாட் மேஜர், 5½ கட்டை. பிறகு தொடக்கப் பகுதி திரும்பும்போது டி மைனர், 2 கட்டை. கடைசியில் அதே 2 கட்டையில் டி மேஜர். காந்தாரம் சாதாரணத்திலிருந்து அந்தரத்துக்கு ஏறுகிறது.

இதில் 4 கட்டையிலிருந்து 5½ கட்டைக்குப் போகும் இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 'லுக்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லை, ஒளி என்று பொருள், சோப்ரானோக்கள் மட்டும் சி ஸ்வரத்தில் பிடிக்கிறார்கள். மற்ற குரல்கள் இல்லை. அந்த சி, எஃப் மேஜரில் பஞ்சமம். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே இசைக்குழு ஏ ஃப்ளாட் மேஜருக்கு நகர்கிறது. ஸ்வரம் அசையவில்லை, பஞ்சமமாக இருந்தது அந்தர காந்தாரமாகிவிட்டது. ஷட்ஜத்தை இடம் மாற்றி அதே ஸ்வரங்களை வேறாகக் கேட்கவைக்கும் கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இது கை தட்டத் தோன்றும் இடம். அறைக்குள் வெளிச்சம் மாறியது போலக் கேட்பவர் உணர்வார். ஆனால் பாடுகிறவர் எதுவும் 'செய்து' அந்த உணர்வு வரவில்லை. செய்தால் கெட்டுப்போகும்.

எப்படிக் கெடும்? இரண்டு விதம். முதலாவது, தனியாக நிற்கிற பயத்தில் 'லுக்ஸ்' என்பதை உள்ளே விழுங்கிப் பாடுவது. ஊ என்ற உயிரெழுத்து தொண்டைக்குள் போனால் சுருதி சட்டென்று கீழிறங்கும், ஏ ஃப்ளாட் வந்ததும் அது அபசுரமாகக் குத்தும். உதட்டை முன்னால் குவித்து, நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் வைத்துப் பாடினால் ஒலி மெல்லியதாக இருந்தும் பிரகாசமாக நிற்கும். இரண்டாவது, காது நன்றாகத் தேறியவர்கள் செய்வது. இயற்கையான அந்தர காந்தாரம் பியானோவின் சம இடைவெளி சுருதியைவிட 14 சென்ட் தாழ்ந்தது (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). தம்புராவில் ஊறிய காது ஏ ஃப்ளாட் வந்ததும் சி-யை அந்தத் தாழ்ந்த இடத்துக்குத் தானாக இறக்கப் பார்க்கும். துணையில்லாத பாட்டில் அது சரி. இங்கே ஆர்கனோ இசைக்குழுவோ கூட இருக்கிறது, ஸ்வரம் நகரவே கூடாது என்பதுதான் இந்த இடத்தின் உயிர். அப்படியே நில்லுங்கள்.

பயிற்சிக்குக் கைப்பேசித் தம்புரா செயலி போதும். 4 கட்டையில் வைத்து சி-யைப் பஞ்சமமாக எட்டு எண்ணிக்கை பிடியுங்கள். இன்னொருவர் செயலியை 5½ கட்டைக்கு மாற்றட்டும். பாடுகிறவர் நிறுத்தாமல் இன்னும் எட்டு எண்ணிக்கை பிடிக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு நான்கைந்து முறை செய்தால், ஷட்ஜம் மாறும்போது குரலைக் கூட்டிக்கொண்டு ஓடாமல் இருக்கப் பழகிவிடும். ஸ்கோரில் ஒவ்வொரு கீ மாற்றத்துக்கும் மேலே கட்டை எண்ணைப் பென்சிலால் எழுதிவைக்கும் வழக்கம் நல்ல வழக்கம். மேற்கத்திய முறையில் மட்டும் படித்தவர்கள் அதை வினோதமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், சுருதி நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

சிங்கப்பூரில் இதோடு இன்னொரு சிக்கல் சேர்கிறது, வெப்பம். குழாய் ஆர்கனின் சுருதி காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. சூடான காற்றில் ஒலியின் வேகம் கூடும், குழாயின் நீளம் மாறாது, ஆகவே சுருதி ஏறும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 3 சென்ட். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் டிஜிட்டல் கீபோர்டை வைத்துப் பயிற்சி செய்துவிட்டு, மின்விசிறி மட்டும் சுழலும் 31 டிகிரி கோயிலில் குழாய் ஆர்கனோடு பாடினால் 20 சென்ட் அளவு மேலே பாட வேண்டியிருக்கலாம். கொயர் பழைய இடத்திலேயே நின்று 'ஆர்கன் கத்துகிறது' என்று குறை சொல்லும். ஆர்கனில் உள்ள நாக்குத்தகட்டுக் குழாய்கள் இந்த அளவுக்கு ஏறுவதில்லை, அதனால் இரண்டு வகையும் ஒன்றோடொன்று முரண்படும். வயலின்களோ வெப்பத்தில் தந்தி தளர்ந்து இறங்கும். நிகழ்ச்சிக்கு முந்தின ஒத்திகையை நிகழ்ச்சி நடக்கிற அதே நேரத்தில், அதே காற்றோட்டத்தில் வைப்பது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

அரங்கும் வேகத்தைத் தீர்மானிக்கும். 2002இல் திறந்த எஸ்பிளனேட் கான்சர்ட் ஹாலில் ஏறக்குறைய 1,600 பேர் அமரலாம். மேடைக்கு மேலே ஏற்றி இறக்கக்கூடிய கூரைத் தட்டுகள், எதிரொலி அறைகள், ஒலியை உறிஞ்சும் திரைகள் என்று எதிரொலியை வேண்டியபடி மாற்ற வசதி உண்டு. 673 இருக்கை கொண்ட விக்டோரியா கான்சர்ட் ஹால் சின்னது, ஒலி கிட்டே வரும். இவற்றுக்கும், தரைவிரிப்புப் போட்ட பல்நோக்கு அறைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எதிரொலி இல்லாத அறையில் 69 விறைப்பாகக் கேட்கும், அதனால் மனம் தானாக வேகத்தைக் கூட்டச் சொல்லும். எதிரொலி நீண்ட கல் கோயிலில் அதே 69இல் ஒரு கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின்) வால் அடுத்த கார்டின் தலையில் ஏறும். அங்கே 66, 64 என்று சற்றுக் குறைக்கலாம். அதற்குக் கீழே போவதற்கு முன்னால் மெய்யெழுத்துகளைக் கூர்மையாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

மெய்யெழுத்து என்றதும் ஒன்று. தேவாலய லத்தீனுக்குத் தமிழ் நாக்கு மிகப் பொருத்தமானது. 'ஆஞுஸ்' என்பதில் வரும் ஞ நமக்குச் சொந்தம். இங்கே பலர் அதை ஆக்-நுஸ் என்று பிரிப்பார்கள். 'தொல்லிஸ்' என்பதில் இரட்டை ல், 'பெக்காத்தா'வில் க்க, 'முந்தி'யில் பல்லில் படும் ந்த எல்லாம் நமக்கு இயல்பாக வரும். தவறுவது இரண்டு இடத்தில். 'ரெக்வியெம்' என்பதன் கடைசி ம்-ஐ நாம் உடனே மூடிவிடுகிறோம். எ-யை முழு நீளமும் திறந்து வைத்து, கண்டக்டர் கை மூடும்போதுதான் உதடு மூட வேண்டும். 'எயிஸ்' என்பது இரண்டு அசை, எ-இஸ். அதை 'ஏஸ்' என்று ஒன்றாக்கினால் ஒரு ஸ்வரம் காணாமல் போய்விடும்.

ஃபோரேயிலிருந்து ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஆஞுஸ் தேயிகளில், அவருடைய வார் ரெக்வியத்தில் வருவதற்கு இணையாக ஒன்றை நான் வைக்க மாட்டேன். இங்கிலாந்தின் கவென்ட்ரி தேவாலயம் 1940 நவம்பரில் குண்டுவீச்சில் எரிந்தது. அதன் பக்கத்தில் எழுந்த புதிய தேவாலயத்தின் அர்ப்பணிப்புக்காக எழுதப்பட்டு, 1962 மே 30 அன்று அங்கேயே அரங்கேறியது வார் ரெக்வியம். லத்தீன் மன்றாட்டுகளுக்கு இடையே, முதல் உலகப்போரில் இறந்த வில்ஃப்ரட் ஓவனின் ஆங்கிலக் கவிதைகளைப் பிரிட்டன் கோத்தார். ஜப்பானியரிடம் வீழ்ந்த 1942 பிப்ரவரி 15ஐ மறக்காத ஊர் நம்முடையது. கிராஞ்சி நினைவிடத்தின் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன, அவற்றில் இந்திய வீரர்களின் பெயர்களும் ஏராளம். இந்தப் படைப்பை இங்கே பாடும்போது 'அவர்களுக்கு' என்ற சொல்லுக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

வார் ரெக்வியம் முழுவதற்கும் அடித்தளம் ஒரே இடைவெளி: சி, எஃப் ஷார்ப். 1 கட்டையும் 4½ கட்டையும். ஷட்ஜமும் பிரதி மத்யமமும் என்று சொன்னால் நமக்குக் கல்யாணி ஞாபகம் வந்து மனம் குளிரும். ஆனால் கல்யாணியில் பக்கத்திலேயே பஞ்சமம் இருந்து அந்த மத்யமத்தைத் தாங்கிக்கொள்கிறது. பிரிட்டன் பஞ்சமத்தைக் கொடுப்பதில்லை. இரண்டு மணிகள் சி என்றும் எஃப் ஷார்ப் என்றும் அடிக்கின்றன, எது ஷட்ஜம் என்று காதுக்கு முடிவு கிடைப்பதில்லை. எந்தச் சோகத்தையும் யாரும் நடிக்காமலேயே நெஞ்சு அமைதியிழக்கிறது.

ஆஞுஸ் தேயி இந்தப் படைப்பில் மிகச் சிறிய பகுதி, ஏறக்குறைய நான்கு நிமிடம். 5/16 தாளம், ஒரு பாருக்கு ஐந்து செமிகுவேவர் (கால் க்ரோட்செட்). அடியில் ஒரு ஸ்வர வரிசை விடாமல் ஓடுகிறது. முதல் பாரில் எஃப் ஷார்ப், ஈ, டி, சி ஷார்ப், பி என்று இறங்கும். அடுத்த பாரில் சி, டி, ஈ, எஃப், ஜி என்று ஏறும். மறுபடி இறக்கம், மறுபடி ஏற்றம். இறங்குவது 7 கட்டையில் கரஹரப்ரியாவின் பூர்வாங்கம், ப-ம-க-ரி-ஸ. ஏறுவது 1 கட்டையில் சங்கராபரணத்தின் பூர்வாங்கம், ஸ-ரி-க-ம-ப. ஷட்ஜம் பி-யிலிருந்து சி-க்கு அரை ஸ்வரம் மட்டும் தள்ளுகிறது. மைனரில் இறங்கி மேஜரில் ஏறி, எந்தப் பக்கமும் நிலைக்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு பாரின் முதல் ஸ்வரத்தை மட்டும் பொறுக்கி எடுங்கள். எஃப் ஷார்ப், சி, எஃப் ஷார்ப், சி. மணிகளில் கேட்ட அதே அமைதியற்ற இடைவெளி, மென்மையான படிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. கேட்பவருக்குத் தாலாட்டு போல ஒலிக்கும், அடியில் புண் ஆறவில்லை. ஓவனின் கவிதையும் அதைத்தான் சொல்கிறது: குண்டு பிளந்த சாலைச் சந்திப்பில் ஒரு சிலுவைச் சிற்பம், இந்தப் போரில் அவரும் ஓர் அங்கத்தை இழந்திருக்கிறார்.

பாடுகிறவர்கள் இந்த வரிசையில் வழுக்கும் இடங்கள் நான்கு, நான்கும் அரை ஸ்வரங்கள். இறக்கத்தில் டி-யிலிருந்து சி ஷார்ப், அங்கிருந்து திரும்பும்போது பி-யிலிருந்து சி, ஏற்றத்தில் ஈ-யிலிருந்து எஃப், மறுபடி திரும்பும்போது ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப். இறங்கும் அரை ஸ்வரங்களைக் குழு எப்போதும் கொஞ்சம் அகலமாக எடுக்கும், ஏறும் அரை ஸ்வரங்களைக் கொஞ்சம் குறுகலாக எடுக்கும். இரண்டு பிழையும் ஒரே பக்கம், கீழ்நோக்கி. ஒரு சுற்றில் சில சென்ட்தான் போகும். சுற்றுகள் கூடக்கூட, பி இருக்க வேண்டிய இடத்தில் பி ஃப்ளாட் இருக்கும். இரு பாதிக்கும் பொதுவான ஸ்வரங்கள் டி, ஈ இரண்டு மட்டுமே. டி முதல் பாதியில் சாதாரண காந்தாரம், இரண்டாம் பாதியில் சதுஸ்ருதி ரிஷபம். ஈ முதலில் சுத்த மத்யமம், பிறகு அந்தர காந்தாரம். இறக்கத்தில் பாடிய அதே டி-யும் ஈ-யும் ஏற்றத்திலும் அதே இடத்தில் வருகின்றனவா என்று கேட்டுக்கொண்டே பாடினால் சுருதி தப்பாது. ஒத்திகையில் பியானோக்காரர் முழு வரிசையையும் வாசிக்க வேண்டாம், டி-யையும் ஈ-யையும் மட்டும் தொட்டுக்கொடுக்கட்டும்.

தாளத்தில் வேறொரு வலை. ஐந்து என்றதும் நம் கை தானாகக் கண்ட நடைக்குப் போகும், தகதகிட என்று இரண்டும் மூன்றுமாகப் பிரிக்கும், மூன்றாம் ஸ்வரத்தில் ஓர் அழுத்தம் விழும். கண்ட சாபுவுக்கு அது அழகு. இங்கே அந்த அழுத்தம் விழுந்தால் வரிசை நொண்டும், டி-யும் ஈ-யும் தூக்கலாகக் கேட்டு எஃப் ஷார்ப்–சி உறவு மறைந்துவிடும். ஐந்தையும் பிரிக்காமல் சமமாக விட வேண்டும். பாரின் முதல் ஸ்வரத்துக்குக்கூட அழுத்தம் வேண்டாம், நினைவு மட்டும் போதும். பயிற்சிக்கு செமிகுவேவரை 80இல் வைத்துத் தொடங்கலாம். அப்போது ஒரு பார் மூன்றே முக்கால் விநாடி, இறக்கமும் ஏற்றமும் சேர்ந்து ஏழரை விநாடி, ஒரு மூச்சு. முதலில் சொல்லில்லாமல் 'நூ' என்று பாடுங்கள். பிறகு ஒருவர் விட்டு ஒருவராக, இறக்கம் ஒரு வரிசை, ஏற்றம் இன்னொரு வரிசை. பி–சி சந்திப்பில் கைமாறும்போது எவ்வளவு வழுக்குகிறது என்று உடனே தெரிந்துவிடும். லத்தீனைக் கடைசியில் சேருங்கள்.

கமகம் இங்கே வேண்டவே வேண்டாம். குறிப்பாக பி-யிலிருந்து சி-க்கு ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்) போட்டு இழுத்தால் ஷட்ஜம் மாறுவதே கேட்காது. சாதாரண காந்தாரத்தை அசைக்கும் பழக்கமும் அப்படியே. டி ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். இவ்வளவு தூய்மையாக ஸ்வரத்தை நிறுத்துவது நமக்கு அன்னியமும் இல்லை, சரளி வரிசை முதல் நாள் எப்படிப் பாடினோமோ அப்படி.

ஒலியளவு பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். கவிதையின் கடைசிப் பகுதியில், நாட்டின் மேல் விசுவாசம் என்று கூச்சலிடுகிறவர்களைப் பற்றி டெனர் பாடும்போது இசை திரளும். பெரிய அன்பு கொண்டவர்கள் உயிரைக் கொடுக்கிறார்கள், வெறுப்பதில்லை என்ற இடத்தில் தணியும். கொயர் இந்தத் திரட்சியில் டெனரோடு போட்டி போடக்கூடாது. ஒலியைக் கூட்டினால் வேகமும் கூடிவிடும் என்பது எந்தக் குழுவிலும் காணும் நோய், மெட்ரோனோமைக் காதில் போட்டுக்கொண்டு இந்த இருபது முப்பது பார்களை மட்டும் தனியே பாடிப் பார்த்தால் தெரியும். முடிவில் டெனர் முதல் முறையாக லத்தீனில் பாடுகிறார்: 'தோனா நோபிஸ் பாச்செம்', எங்களுக்கு அமைதி தாரும். ரெக்வியத்தின் மன்றாட்டில் இல்லாத வரி அது, சாதாரணத் திருப்பலியிலிருந்து பிரிட்டன் வேண்டுமென்றே எடுத்து வந்தது. 'அவர்களுக்கு' என்று கேட்டுக்கொண்டிருந்த பாட்டில் ஒரே ஒரு முறை 'எங்களுக்கு'. அந்த வரி ஏறுமுகமாக, மிக மெல்லிய ஒலியில் போகிறது. இந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க எல்லாருக்கும் கை பரபரக்கும். குறைக்காமல் விட்டால்தான் ஏற்றம் ஏற்றமாகக் கேட்கும்.

மற்ற நவீன ஆஞுஸ் தேயிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரட்டர் லத்தீனோடு ஆங்கில அடக்கச் சடங்கின் வரிகளையும் சேர்த்திருக்கிறார். அடியில் டிம்பனி விடாமல் துடிக்கிறது, அந்தத் துடிப்பை முந்தாமல் பாடுவதுதான் வேலை. டூரூஃப்லே கிரகோரியன் மெட்டுகளின் மேல் கட்டியவர். இரண்டும் மூன்றுமாகக் கூட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும், தாளக் குறியும் அதற்கேற்ப மாறும், ஆனால் குவேவர் (அரை க்ரோட்செட்) மட்டும் மாறாது. விருத்தம் போலச் சுதந்திரமாகத் தோன்றினாலும் உள்ளே நாடி சீராக ஓடுகிறது. அதை விருத்தமாகவே பாடினால் குழு சிதறும். அவருடைய ரெக்வியம் எஃப் ஷார்ப் மேஜரில், தீராத ஒன்பதாம் கார்டில் முடிகிறது. அடுத்த ஸ்வரத்துக்குக் காத்திருப்பது போல இருக்கும், அதைத் தீர்த்துவைக்க ஆர்கன்காரர் எதுவும் சேர்க்கக்கூடாது.

கடைசியாக, வார் ரெக்வியத்தில் கொயருக்கு உள்ள மிகக் கடினமான சில விநாடிகள். மணிகள் சி, எஃப் ஷார்ப் அடிக்க, துணையில்லாமல் கொயர் அதே இடைவெளியிலிருந்து மெல்ல நகர்ந்து எஃப் மேஜரில் இறங்கும். முதல் பகுதியின் முடிவில் ஒரு முறை, தீர்ப்பு நாளைப் பாடும் தியேஸ் ஈரே முடிவில் ஒரு முறை, 'ரெக்வியெஸ்காந்த் இன் பாச்சே' (அமைதியில் இளைப்பாறட்டும்) என்று படைப்பு முழுவதும் முடியும்போது ஒரு முறை. 4½ கட்டையிலிருந்து 4 கட்டைக்கு அரை ஸ்வரம் இறங்குவதுதான் பயணத்தின் கடைசி அடி, ஆகவே தட்டையாகப் போக இங்கே இரட்டை வாய்ப்பு. மணியின் சி-யை மனத்தில் பஞ்சமமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், எஃப் அதற்குக் கீழே ஷட்ஜமாகத் தானாக வந்து உட்காரும். கடைசி கார்டை எட்டு எண்ணிக்கை பிடித்தபின் கீபோர்டில் எஃப் தட்டிச் சரிபாருங்கள். இறங்கியிருந்தால் தொடக்கத்துக்குப் போகாமல், கடைசிக்கு முந்தின மூன்று கார்டுகளை மட்டும் மெதுவாக, ஒவ்வொன்றையும் பியானோவோடு ஒப்பிட்டுப் பாடுங்கள். எந்தக் குரல் எங்கே இறங்குகிறது என்று அங்கேயே பிடிபட்டுவிடும்.